உங்கள் வீரனை நீங்களே செதுக்குங்கள்



"இளையர்களும் கணினி விளையாட்டும்" என்னும் தலைப்பில் எனக்கு முன் பேசியவர்கள் கண் கெடுவதைப் பற்றியும் உறக்கம் கெடுவதைப் பற்றியும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். அவற்றை மறுத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் ஒன்றை யாரும் தொடவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, அங்கே என்னதான் செய்துகொண்டிருக்கிறான்? சுடுகிறான், வெட்டுகிறான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சில விளையாட்டுகளில் முதல் வாளை உருவுவதற்கு முன்பே அவன் பெரிய கணக்கு ஒன்றைப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு சரியா தப்பா என்பது பல நாள் விளையாடிய பிறகுதான் தெரியும். அந்த ஒரு கணக்கைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். விளையாடுகிறவர்களுக்கு இது பயன்படும். விளையாடாத பெற்றோர்களுக்கு, அடுத்த முறை பிள்ளையின் அறைக்குள் எட்டிப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேட்கவாவது உதவும்.

ரோல் பிளேயிங் கேம் என்று ஒரு வகை உண்டு. நாம் ஒரு கதாபாத்திரமாக மாறி, கற்பனை உலகம் ஒன்றில் உலவுவது. கதையை எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் கதாநாயகன் யார், அவன் வாள் வீரனா, மந்திரவாதியா, இருட்டில் பதுங்கித் திருடுபவனா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வகையில் நான் எடுத்துக்கொண்டிருப்பது 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஒப்லிவியன்'. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் இருக்கும் பெதஸ்டா நிறுவனம் 2006 மார்ச்சில் வெளியிட்ட விளையாட்டு இது. இருபது ஆண்டுப் பழைய சரக்கை ஏன் எடுத்து வந்தாய் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கதாபாத்திரத்தை உருவாக்குவதில் இவ்வளவு சுதந்திரம் கொடுத்து, கூடவே இவ்வளவு பெரிய பள்ளத்தையும் தோண்டி வைத்த விளையாட்டு நான் பார்த்தவற்றில் வேறு இல்லை.

கதை சிறைச்சாலையில் தொடங்குகிறது. நீங்கள் ஒரு கைதி. என்ன குற்றம் செய்தீர்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பேரரசர் யூரியல் செப்டிம் எதிரிகளிடமிருந்து தப்பிக்க உங்கள் அறையில் இருக்கும் இரகசிய வழியாகவே வருகிறார். நீங்களும் பின்னால் போகிறீர்கள். (பேரரசருக்குக் குரல் கொடுத்திருப்பவர் பேட்ரிக் ஸ்டூவர்ட். அந்தக் குரலுக்காகவே அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப விளையாடியவர்கள் உண்டு.) இந்தத் தொடக்கப் பகுதியில்தான் உங்கள் கதாபாத்திரம் உருவாகிறது. முதலில் இனம். மொத்தம் 10 இனங்கள். அடுத்து, எந்த நட்சத்திரத்தில் பிறந்தவர் என்று பேரரசர் கேட்கிறார். மொத்தம் 13. நமக்கெல்லாம் பிறந்த பிறகுதான் நட்சத்திரம் பார்ப்பார்கள். இங்கே பார்த்துப் பிடித்ததில் பிறந்துகொள்ளலாம்! கடைசியாக, நீங்கள் என்ன தொழில் செய்பவர் என்று மெய்க்காவலர் கேட்கிறார். இதைக் கிளாஸ் என்பார்கள். தயாராக 21 கிளாஸ் இருக்கின்றன. அவற்றில் எதுவும் வேண்டாம், நானே ஒன்றை உருவாக்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள். பள்ளமும் அங்கேதான் இருக்கிறது.

சொந்தமாகக் கிளாஸ் அமைக்கும்போது மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும். போர், மந்திரம், மறைவுத் தொழில் ஆகிய மூன்று துறைகளில் உங்கள் துறை எது? வலிமை, அறிவு, மன உறுதி, சுறுசுறுப்பு, வேகம், தாங்குதிறன், வசீகரம், அதிர்ஷ்டம் ஆகிய எட்டுப் பண்புகளில் உங்களுக்கு வேண்டிய இரண்டு எவை? விளையாட்டில் உள்ள 21 திறன்களில் உங்களுடைய ஏழு முதன்மைத் திறன்கள் எவை? முதல் இரண்டும் சின்ன விஷயங்கள். எட்டுப் பண்புகளில் தேர்ந்தெடுத்த இரண்டுக்கு ஐந்து ஐந்து புள்ளி கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஏழு திறன்கள்தான் தலையெழுத்து.

ஏன் என்று சொல்கிறேன். இந்த விளையாட்டில் எதைச் செய்கிறோமோ அது வளரும். வாளை வீசினால் வாள் திறன் உயரும். ஓடினால் ஓட்டம் உயரும். குதித்தால் தாவும் திறன் உயரும். கடைக்காரரிடம் பேரம் பேசினால் வணிகத் திறன் உயரும். ஏழு முதன்மைத் திறன்களில் எல்லாமாகச் சேர்த்துப் பத்துப் புள்ளி உயர்ந்ததும், ஒரு கட்டிலைத் தேடிப் படுத்துத் தூங்கினால் உங்கள் நிலை ஒன்று கூடும். இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் நிலை கூடும்போது உலகமும் உங்களோடு சேர்ந்து கூடுகிறது. முதல் நிலையில் ஓநாயும் எலியும் வந்த காட்டில், இருபதாம் நிலையில் மாட்டுத்தலை அரக்கன் வருவான். சில எதிரிகளுக்கு உச்சவரம்பே கிடையாது. நீங்கள் ஏற ஏற அவர்களின் உயிராற்றலும் ஏறிக்கொண்டே போகும்.

நிலை உயர்வது வேறு, பலம் கூடுவது வேறு. மற்ற விளையாட்டுகளில் இவை இரண்டும் ஒன்றாகவே வரும் என்பதால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இதில் பிரித்துப் பார்க்காதவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

நான் மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா படித்த காலத்தில் வகுப்புத் தோழர் ஒருவர் இதை ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் விளையாடினார். எல்லாம் தெரிந்த ஊர்சுற்றி ஒருவனை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஓட்டம், தாவல், பேச்சுத் திறன், வணிகம், பூட்டுத் திறத்தல், மருந்து காய்ச்சுதல், கடைசியாக வாள். இவைதான் அவர் எடுத்த ஏழு. ஆள் படுவேகமாக வளர்ந்தார். மலைமேல் குதித்துக்கொண்டே ஏறுவார். தோட்டத்தில் அகப்பட்ட காய்கறியையெல்லாம் பறித்து மருந்து காய்ச்சுவார். நாளுக்கு இரண்டு நிலை, மூன்று நிலை என்று ஏறினார். ஒரு நாள் இரவு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மச்சான், லெவல் 22க்கு வந்துட்டேன்டா. ஆனா காட்டுல நிக்கிற ஒரு வழிப்பறிக்காரன என்னால அடிக்க முடியல. என்னடா கேம் இது?"

"நீ எத வச்சுடா 22க்கு வந்தே?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "குதிச்சுத்தான்" என்றார்.

சிரிக்கலாம். ஆனால் அவர் அந்த விளையாட்டுக்குள் செலவழித்த நேரம் 60 மணிக்கும் மேல். ஓட்டமும் தாவலும் அவரை 22ஆம் நிலைக்குக் கொண்டுபோய்விட்டன. உலகமும் 22ஆம் நிலைக்கு வந்துவிட்டது. வாள் மட்டும் கிட்டத்தட்ட தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே நின்றது. குவாட்ச் என்ற நகரத்தின் வாசலில் ஒரு நரகக் கதவு திறக்கும். கதையின் முதல் பெரிய போர் அது. தாழ்ந்த நிலையில் போனால் உள்ளே ஸ்காம்ப் என்னும் சின்னப் பூதங்கள்தான் பெரும்பாலும் நிற்கும். இவர் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டு 22இல் போனார். முதலைத் தலை கொண்ட டேட்ராத் வரவேற்றது. நான்கு முறை செத்தார். பிறகு அந்தக் கதாபாத்திரத்தை அவர் திறக்கவே இல்லை.

அந்த வழிப்பறிக்காரனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சாலையில் மறித்து 100 பொற்காசு கேட்பான். உயர்ந்த நிலையில் பார்த்தால், பல ஆயிரம் பொற்காசு விலை பெறும் பச்சைக் கண்ணாடிக் கவசம் அணிந்து நின்றுகொண்டு அந்த 100ஐக் கேட்பான். கவசத்தை விற்றுவிட்டு ஒரு வீடு வாங்கிக்கொண்டு உட்காரலாமே அப்பா என்று சொல்லத் தோன்றும். விளையாடியவர்கள் எல்லாரும் இதைக் கேலி செய்திருக்கிறார்கள். உலகத்தை நம்மோடு சேர்த்து ஏற்றுவது என்ற ஏற்பாட்டில் இருக்கும் ஓட்டை அது.

சரி, அப்படியானால் எப்படித்தான் அமைப்பது?

முதலில் இனமும் நட்சத்திரமும். பெட்டியில் எழுதியிருக்கும் "வலிமை கூடுதல் 10" என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பண்புகளின் உச்சம் 100. விளையாட விளையாட வலிமை எப்படியும் 100ஐ நெருங்கிவிடும். அப்போது தொடக்கத்தில் கிடைத்த பத்துக்கு மதிப்பில்லை. ஆனால் பிரெட்டன் இனத்தாருக்கு எதிரியின் மந்திரத்தில் பாதி உறைக்காது. முதல் நாளும் பாதி, கடைசி நாளும் பாதி. கூடவே 50 மந்திர ஆற்றல். என்னைக் கேட்டால் முதல்முறை விளையாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இனம் இல்லை. ஹை எல்ஃப் இனத்தாருக்கு மந்திர ஆற்றல் 100 கூடும், ஆனால் நெருப்பும் பனியும் மின்னலும் அவர்களை மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுடும். அதைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் எடுக்கலாம். நட்சத்திரத்திலும் இதே நியாயம்தான். மேஜ் நட்சத்திரம் 50 மந்திர ஆற்றல் தரும், பதிலுக்கு எதையும் பிடுங்காது. அட்ரோனாக் நட்சத்திரம் 150 தரும், வருகிற மந்திரத்தில் பாதியை விழுங்கவும் செய்யும். ஆனால் தீர்ந்துபோன ஆற்றல் தானாக ஊறாது. புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது ஏழு திறன்கள். இங்கே ஒரு சின்னக் கூட்டல் கழித்தல் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு திறனும் ஒரு பண்போடு கட்டப்பட்டிருக்கிறது. வாள், தடி, வெறுங்கைச் சண்டை ஆகிய மூன்றும் வலிமையோடு. கவசம் பழுது பார்த்தல், கேடயத்தால் தடுத்தல், கனக் கவசம் ஆகிய மூன்றும் தாங்குதிறனோடு. நிலை உயரும்போது மூன்று பண்புகளை நீங்கள் உயர்த்தலாம். ஒரு பண்பைச் சேர்ந்த திறன்கள் அதற்குள் பத்துப் புள்ளி உயர்ந்திருந்தால், அந்தப் பண்பு ஐந்து புள்ளி கூடும். எதுவுமே உயராதிருந்தால் ஒரே ஒரு புள்ளி. மூன்று பண்புகளுக்கும் ஐந்து ஐந்து வேண்டுமென்றால் 30 உயர்வு வேண்டும். ஆனால் முதன்மைத் திறன்களில் பத்து உயர்ந்ததுமே நிலை கூடிவிடுகிறது. மீதி 20 எங்கிருந்து வரும்? நீங்கள் தேர்ந்தெடுக்காத 14 துணைத் திறன்களிலிருந்துதான் வர வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. முதன்மைப் பட்டியலில் வைக்காத திறன் வீணான திறன் அல்ல. அது நிலையை உயர்த்தாமல் பண்பை மட்டும் உயர்த்திக் கொடுக்கிறது. உலகத்துக்குத் தெரியாமல் நீங்கள் பலமாகிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, நான் ஒருவருக்கு அமைத்துக் கொடுப்பதாக இருந்தால் இப்படிச் செய்வேன். துறை போர். விரும்பும் பண்புகள் வலிமையும் தாங்குதிறனும். முதன்மைத் திறன்களில் வாள், கனக் கவசம், குணமாக்கும் மந்திரம், துணைக்குப் பூதத்தை அழைக்கும் மந்திரம், வில். இந்த ஐந்தும் சண்டையில் நேரடியாகக் கைகொடுப்பவை. இவற்றால் நிலை உயர்ந்தால் அதைத் தாங்கும் பலமும் கூடவே வந்திருக்கும். கேடயத்தையும் பழுது பார்ப்பதையும் பட்டியலுக்கு வெளியே விட்டுவிடுவேன். சண்டைக்குச் சண்டை தடுக்கிறோம், சண்டை முடிந்தால் சுத்தியலை எடுத்துத் தட்டுகிறோம். இரண்டும் சத்தமில்லாமல் தாங்குதிறனை ஏற்றிக்கொண்டிருக்கும். ஓட்டம், தாவல், பேச்சு, வணிகம் ஆகிய நான்கும் கண்டிப்பாக வெளியே. நாம் கேட்காமலேயே உயரும் திறன்கள் அவை. மீதி இரண்டு இடங்களை உங்கள் ஆசைக்கு விட்டுவிடுகிறேன். எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டால் அது உங்கள் கதாபாத்திரம் ஆகாது.

தாங்குதிறனை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், ஒவ்வொரு முறை நிலை உயரும்போதும் அப்போதைய தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்கு உங்கள் உயிராற்றலில் சேரும். தாங்குதிறன் 40 என்றால் 4. அது 100 என்றால் 10. பிற்பாடு 100 ஆக்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால், இடையில் விட்டுப்போன பங்கு திரும்பக் கிடைக்காது. சேமநிதியில் இளம் வயதிலேயே பணம் போடச் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கதைதான். முதல் பத்துப் பன்னிரண்டு நிலைகளுக்குத் தாங்குதிறனை ஒருமுறைகூட விடாமல் உயர்த்துங்கள். ஆசிரியர்களிடம் காசு கொடுத்து ஒரு நிலைக்கு ஐந்து முறை பயிற்சி பெறலாம். அந்த ஐந்தையும் துணைத் திறன்களுக்கே செலவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட சிலர் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். வாள் 3, கேடயம் 7, பழுது 2 என்று கோடு போட்டு எண்ணுகிறார்கள். இன்னும் சிலர், பதுங்கும் திறனை ஏற்றுவதற்காகக் கதாபாத்திரத்தை ஒரு சுவரைப் பார்த்து நடக்கவிட்டு, கைப்பிடியில் ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய வீரன் பலசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் விளையாடியது யார்? ரப்பர் வளையம்தானே! எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஏழு திறன்களை யோசித்து எடுத்துவிட்டால், அதன் பிறகு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஐந்துக்குப் பதில் மூன்று கிடைத்தாலும் ஆட்டம் ஓடும். உண்மையிலேயே சிக்கிக்கொண்டால், கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை ஒன்று அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நகர்த்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் தோழரிடம் அன்றே இதைச் சொன்னேன். அவருக்கு ரோஷம், கேட்கவில்லை.

பெதஸ்டாவுக்கும் இந்தப் புகார்கள் போய்ச் சேர்ந்தன என்றே நினைக்கிறேன். 2011இல் வந்த அடுத்த விளையாட்டான ஸ்கைரிமில் கிளாஸ் என்பதையே எடுத்துவிட்டார்கள். எட்டுப் பண்புகளும் போயின. யாராக வேண்டுமானாலும் தொடங்கி, போகிற வழியில் என்னவாக வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். நட்சத்திரத்தைக்கூட ஒரு கல்லைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம். கோடிக்கணக்கானோர் விளையாடினார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனாலும் தொடக்கத்தில் உட்கார்ந்து யோசிக்கிற அந்த அரை மணி நேரம் அதில் இல்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

ஒப்லிவியனின் புதுப்பிக்கப்பட்ட வடிவம் 2025 ஏப்ரல் 22ஆம் தேதி வெளிவந்தது. அறிவித்த அன்றே விற்பனைக்கு வந்துவிட்டது. பெதஸ்டாவோடு சேர்ந்து அதைச் செய்துகொடுத்த வெர்ச்சுவோஸ் நிறுவனத்தின் தலைமையகம் நம் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. இந்தத் துறையில் வேலை தேடும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வடிவத்தில் நான் இவ்வளவு நேரம் சொன்ன முப்பது, இருபது கணக்கு இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் 12 புள்ளி தருகிறார்கள். மூன்று பண்புகளுக்குள் பிரித்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது. அதிர்ஷ்டம் மட்டும் விலை அதிகம், ஒரு புள்ளிக்கு நான்கு கொடுக்க வேண்டும். துணைத் திறன்கள் உயர்ந்தாலும் நிலை உயரும். நோட்டுப் புத்தகக்காரர்களுக்கு இனி வேலையில்லை. நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

ஆனால் எதிரிகள் உங்களோடு சேர்ந்து வளர்வது அப்படியேதான் இருக்கிறது. ஆகவே குதித்துக் குதித்து 22ஆம் நிலைக்கு வருகிறவர்களுக்குப் புதிய வடிவத்திலும் கண்ணாடிக் கவசக்காரன் காத்துக்கொண்டிருப்பான். இனத்தையும் நட்சத்திரத்தையும் சண்டைக்குரிய திறன்களையும் பற்றி நான் சொன்னது இரண்டு வடிவங்களுக்கும் பொருந்தும்.

பழைய வடிவத்தை விளையாடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சுரங்கத்தின் முடிவில், சாக்கடையைத் தாண்டி ஓர் இரும்புக் கதவு வரும். அதைத் திறந்தால் வெளியுலகம். திறப்பதற்கு முன், இனம், நட்சத்திரம், கிளாஸ் எதையாவது மாற்ற விரும்புகிறீர்களா என்று விளையாட்டே உங்களைக் கேட்கும். அந்தக் கதவின் முன்னால் நின்று ஒருமுறை சேமித்து வையுங்கள். அந்தக் கோப்பை அழிக்காதீர்கள், அதன் மேல் வேறு எதையும் சேமிக்காதீர்கள். அடுத்த முறை வேறொரு வீரனை உருவாக்க ஆசை வந்தால், சிறையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நேரே அந்தக் கதவுக்கு வந்துவிடலாம்.